படத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது? எண்ணெய் வண்ணத்தில் பழைய சென்னைக் கடலும் பாய்மரக் கப்பல்களும்

ராயபுரம் கித்தான்:

அனைவருக்கும் வணக்கம். ஆறு மாதங்களாக ஒரே கித்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். 36க்கு 24 அங்குல அளவு. துறைமுகம் கட்டப்படாத காலத்துச் சென்னைக் கடற்கரை, அதாவது 1790களின் காட்சி. அக்காலத்தில் கப்பல்கள் கரையை நெருங்க வழியில்லாமல் ஒரு மைலுக்கும் அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களும் சரக்கும் பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலா படகுகளில் அலைகளைக் கடந்து கரை சேர்வார்கள். தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் புனித ஜார்ஜ் கோட்டையை வரைந்த அக்குவாடின்ட் (செப்புத்தகட்டு அச்சு) படத்தின் நகலைச் சுவரில் மாட்டிவைத்து, அதன் அலைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் தொடங்கினேன்.

என் படத்தில் பார்ப்பவர் மணலில் நின்று கடலை நோக்குகிறார். இடப்பக்கம் எல்லாப் பாய்களும் புடைத்து நிற்க ஒரு பெரிய கப்பல் நங்கூரத்தில் நிற்கிறது. பின்னால் இரண்டு சிறிய கப்பல்கள், முன்னால் அலைகளுக்கிடையில் ஒரு மசூலா, தொலைவில் கடலில் இறங்கும் மாலைச் சூரியன். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஓரளவு சரியாகவே வந்திருக்கிறது. ஆனால் மொத்தமாகப் பார்க்கும்போது கப்பல்கள் நீரில் மிதக்கவில்லை, கத்தரித்து ஒட்டியவை போல நிற்கின்றன. நிழலை ஆழப்படுத்திப் பார்த்தேன், நீரில் பிரதிபலிப்பைக் கூட்டிப் பார்த்தேன், சரியாகவில்லை. எங்கே பிழை என்று கடல் தெரிந்தவர்களும் வண்ணம் தெரிந்தவர்களும் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். படத்தின் ஒளிப்படத்தை இணைத்திருக்கிறேன்.

அடிவானம்:

உங்கள் படத்தை அரைமணி நேரம் பார்த்தேன். வண்ணத்தில் குறை சொல்வதற்கு முன் ஓர் அளவுகோலை எடுத்து அடிவானக் கோடு ஒவ்வொரு கப்பலையும் எந்த இடத்தில் வெட்டுகிறது என்று பாருங்கள். பெரிய கப்பலில் அது மேல்தளத்தை வெட்டுகிறது. பின்னாலுள்ள சிறிய கப்பலிலோ பாய்மரத்தின் பாதி உயரத்தை வெட்டுகிறது. பிழை இங்கேதான் இருக்கிறது.

கடல் ஒரே மட்டம் என்பதால், பார்ப்பவரின் கண் நீர்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதே உயரத்தில்தான் அடிவானம் எல்லாக் கப்பல்களையும் வெட்டும். கப்பல் அருகில் இருந்தாலும் தொலைவில் இருந்தாலும் இது மாறாது. மணல்மேட்டில் நிற்பவரின் கண் நீருக்கு மேல் 4 மீட்டரில் இருக்கிறது என்றும், கப்பலின் உடல் நீருக்கு மேல் 6 மீட்டர் உயரம் என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் அடிவானம் பெரிய கப்பலின் உடலில் மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் ஓடவேண்டும். கடைசியில் நிற்கும் கப்பலிலும் அதே மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில்தான் ஓடவேண்டும். உங்கள் சிறிய கப்பலில் அது பாய்மரத்தின் நடுவில் ஓடுவதால், அந்தப் பாய்மரத்தின் பாதி உயரமே 4 மீட்டர்தான் என்று கண் கணக்குப் போட்டுவிடுகிறது. எனவே தொலைவில் நிற்கும் பெரிய கப்பலாக இல்லாமல் அருகில் மிதக்கும் பொம்மையாக அது தெரிகிறது. எத்தனை நிழல் போட்டாலும் இந்தக் கணக்கை மறைக்க முடியாது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஒரு மைலுக்கு அப்பால் நிற்கும் 45 மீட்டர் நீளக் கப்பலைக் கரையிலிருந்து பார்த்தால் அது எவ்வளவு பெரிதாகத் தெரியும்? கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தினால் அந்த விரலே கப்பலின் உடல் முழுவதையும் மறைத்துவிடும். காசிமேட்டுக்கு வெளியே காத்திருக்கும் சரக்குக் கப்பல்களை நோக்கி நாளைக் காலையிலேயே விரலை நீட்டிப் பாருங்கள். உங்கள் படத்தில் பெரிய கப்பல் 14 அங்குலத்துக்கு விரிந்திருக்கிறது. கப்பல் அவ்வளவு பெரிதாக வேண்டுமென்றால் பார்ப்பவர் மணலில் நிற்க முடியாது, ஒரு படகில் ஏறியே ஆகவேண்டும். படகில் நிற்பவரின் கண் நீருக்கு மேல் 2 மீட்டர். அடிவானமும் அதற்கேற்பக் கீழே இறங்கும், வானம் பெருகும், கப்பல்கள் தலைக்கு மேல் எழுந்து நிற்கும். உங்கள் மனத்தில் இருக்கும் படம் அதுவாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது.

தோணிக்காரர் மகன்:

நான் தூத்துக்குடியில் பிறந்து முப்பது ஆண்டுகளாகச் சென்னையில் வாழ்பவன். என் தந்தையார் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிச் சென்ற தோணியில் வேலை செய்தவர். ஓவியம் எனக்குத் தெரியாது, பாய் தெரியும். அந்த உரிமையில் சில சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலாவது, நங்கூரத்தில் நிற்கும் கப்பல் எல்லாப் பாய்களையும் விரித்துப் புடைக்கவிடாது. அப்படி விட்டால் நங்கூரம் பெயரும், அல்லது வடம் அறும். நின்ற கப்பலின் பாய்கள் குறுக்குமரத்தோடு சேர்த்துச் சுருட்டிக் கட்டப்பட்டிருக்கும். இரண்டாவது, நங்கூர வடம் அணியத்திலிருந்து, அதாவது கப்பலின் முன்முனையிலிருந்து, இறங்குவதால், நின்ற கப்பல் தன் அணியத்தைக் காற்றுக்கோ நீரோட்டத்துக்கோ காட்டித் திரும்பிக்கொள்ளும். ஒரே இடத்தில் மூன்று கப்பல்கள் நின்றால் மூன்றும் ஏறத்தாழ ஒரே பக்கம் முகம் வைத்து நிற்கும், தொழுவத்து மாடுகள் ஒரே பக்கம் தலை வைத்து நிற்பதுபோல. உங்கள் படத்தில் மூன்றும் மூன்று திசைகளைப் பார்க்கின்றன.

மூன்றாவதாகச் சொல்வதுதான் எனக்கு மிகவும் உறுத்தியது. பெரிய கப்பலின் பாய் வலப்பக்கம் புடைத்திருக்கிறது, ஆனால் அதன் உச்சியிலுள்ள கொடி இடப்பக்கம் பறக்கிறது. பாயைத் தள்ளுகிற காற்றேதான் கொடியையும் தள்ளும். கப்பல் முன்னே போவதால் கொடி பின்னே பறக்கும் என்பது பேருந்தில் போகிறவர்களின் நினைப்பு. பின்காற்றில் போகும் பாய்க்கப்பல் காற்றைவிட மெதுவாகவே போகும், ஆகவே அதன் கொடி அணியத்தை நோக்கி முன்பக்கமாகத்தான் பறக்கும். வரையத் தொடங்கும் முன் கித்தானின் பின்புறம் கரியால் ஒரு பெரிய அம்பு போட்டுக்கொள்ளுங்கள். பாய், கொடி, அலையின் நுரை, கரையில் எரியும் அடுப்பின் புகை, எல்லாம் அந்த ஓர் அம்புக்குக் கட்டுப்பட வேண்டும்.

சூரியனையும் சொல்லிவிடுகிறேன். நம் சென்னையில் சூரியன் கடலில் உதிக்கும், கடலில் மறையாது. மாலைதான் வேண்டுமென்றால் பார்ப்பவர் கடலில் இருந்து கரையைப் பார்க்கவேண்டும். கடலைத்தான் பார்க்கவேண்டுமென்றால் அதைக் காலையாக்கிவிடுங்கள்.

எழும்பூர் மாணவி:

ஐயா இருவரும் சொல்வதை மதிக்கிறேன், ஆனால் ஓவியனைக் கப்பல் தளபதியின் கண்காணிப்பில் வைத்துவிடுகிறீர்களோ என்று அஞ்சுகிறேன். ஆங்கில ஓவியர் டர்னர் 1839இல் காட்சிக்கு வைத்த டெமெரேர் என்ற பழைய போர்க்கப்பலின் ஓவியத்தை நினைத்துப் பாருங்கள். உடைப்பதற்காக அந்தக் கப்பலை இழுத்துச் சென்றபோது அதில் பாய்மரங்களே இல்லை. டர்னர் அவற்றை மீண்டும் நிறுத்தி வரைந்தார், வெளிறிய பேய் போன்ற அந்த மரங்கள்தாம் ஓவியத்துக்கே உயிர். நம் கோட்டையையே எடுத்துக்கொள்வோம். 1730களின் தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி தன் லண்டன் அலுவலகத்துக்காக வரையச் செய்த ஆறு ஓவியங்களில் புனித ஜார்ஜ் கோட்டையும் ஒன்று. ஜார்ஜ் லாம்பர்ட் நிலத்தையும் கட்டடங்களையும் வரைய, சாமுவேல் ஸ்காட் கப்பல்களை வரைந்தார். இருவருமே சென்னையைக் கண்ணால் பார்த்தவர்கள் அல்லர். அப்படியிருந்தும் அவை ஓவியங்களாக நிற்கின்றனவே?

அடிவானம்:

நல்ல எடுத்துக்காட்டுகள், அம்மா. ஆனால் டர்னர் மாற்றியது கப்பலில் என்ன இருந்தது என்பதை; அது நீரில் எப்படி அமர்கிறது என்பதை அவர் மாற்றவில்லை. லாம்பர்ட்டும் ஸ்காட்டும் ஒரே கித்தானில் இரண்டு கைகளாக வேலை செய்தபோதும் நிலத்தில் விழும் வெயிலும் பாயில் விழும் வெயிலும் ஒத்துப்போகும்படி பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. சேர்ப்பதற்கும் நீக்குவதற்கும் ஓவியருக்கு முழு உரிமை உண்டு. நம் நண்பர் கேட்டது ஏன் மிதக்கவில்லை என்பதை. அதற்கு உரிமையைப் பற்றிப் பேசி விடை காண முடியாது.

ராயபுரம் கித்தான்:

இரண்டு நாட்கள் எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்கவேண்டும். முதலில் மனம் வலித்தது உண்மை. நேற்று விடியற்காலையில் காசிமேட்டுக்குப் போய் விரலை நீட்டிப் பார்த்தேன். அதற்குமேல் வாதாட எதுவும் இல்லை.

முடிவு செய்துவிட்டேன். நேரம் காலை. பார்ப்பவர் அலை உடையும் இடத்தைக் கடந்த ஒரு மசூலாவில் நின்று வடகிழக்கே பார்க்கிறார். கரையிலிருந்து கடலை நோக்கி மேற்குக் காற்று வீசுகிறது. நின்ற கப்பல்கள் அணியத்தை இடப்பக்கம் கரைநோக்கி வைத்திருக்கும். ஒரு கப்பல் மட்டும் பாய் விரித்துக் கிழக்கே புறப்பட்டுப் போகிறது, அதன் கொடி முன்னோக்கிப் பறக்கிறது. இதில் கோட்டை படத்திலிருந்து விலகிவிடுகிறது. அதற்குத்தான் அதிக நாள் உழைத்தேன், ஆனாலும் போகட்டும்.

இப்போது என் கேள்வி வண்ணத்தைப் பற்றியது. பாய்களை வெள்ளையாகத் தீட்டினால் சலவைத் துணிபோல் தெரிகின்றன. கயிறுகளை வரைந்தால் கம்பிவேலி போலாகிவிடுகிறது. இவ்விரண்டையும் எப்படிக் கையாள்வது?

நீலாங்கரைத் தூரிகை:

இருபது ஆண்டுகளாகக் கடலை மட்டுமே தீட்டுகிறவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பாய் வெள்ளை அல்ல. முதலில் டைட்டானியம் வெள்ளையில் ரா சியன்னா (மஞ்சள்பழுப்பு) சிறிதும் அல்ட்ராமரின் (ஆழ்ந்த நீலம்) அதைவிடச் சிறிதும் கலந்து ஒரு நடுத்தர நிறத்தை வைத்துக்கொள்ளுங்கள். காலைச் சூரியன் உங்கள் படத்தில் கப்பலுக்குப் பின்னால், வலப்புறத்தில் இருக்கிறது. எனவே நமக்குத் தெரிவது பாயின் வெயில் படாத முகம். அந்த முகம் வானத்தைவிட இருண்டிருக்கவேண்டும். இதை நம்புவதற்கு எனக்கே பல ஆண்டுகள் ஆயின. ஆனால் பாய் துணி என்பதால் வெயில் அதனுள் ஊறி வரும். அதனால் அந்த இருட்டு சாம்பல் நிறமாக இல்லாமல், விளக்குக்கு முன் பிடித்த வேட்டி போலத் தேன்நிறம் கொண்டிருக்கும். ஒரு பாயின்மேல் இன்னொரு பாயின் நிழல் விழும் இடத்தில் மட்டும் அந்தத் தேன்நிறம் அணைந்து ஊதா கலந்த சாம்பல் வரும். இந்த இரண்டு நிறங்களும் சந்திக்கும் விளிம்பைத் தீட்டிவிட்டால் பாயில் பாதி வேலை முடிந்தது. பாய் பலூனைப் போல உருண்டையாகப் புடைப்பதில்லை. மேலே குறுக்குமரத்தில் கட்டப்பட்ட இடத்தில் தட்டையாகவும், கீழ்ப்பாதியில் ஆழமாகவும் வளையும். துணிப் பட்டைகளைச் சேர்த்துத் தைத்த தையல்கோடுகளை அந்த வளைவோடு வளைத்து மெல்லிதாக இரண்டு மூன்று இடங்களில் காட்டினால் போதும்.

கயிறுகளில் இரண்டு வகை உண்டு. பாய்மரத்தை நிறுத்திப் பிடிக்கும் கயிறுகளுக்குத் தார் பூசுவார்கள், அவை கரும்பழுப்பு. பாயை ஏற்றி இறக்கும் கயிறுகள் அடிக்கடி கைபடுபவை, அவை வைக்கோல் நிறம். எல்லாவற்றையும் ஒரே கறுப்பில் போட்டதால்தான் உங்களுக்குக் கம்பிவேலி வந்திருக்கிறது. கறுப்பையே தட்டிலிருந்து எடுத்துவிட்டு, பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பும் அல்ட்ராமரினும் கலந்து பயன்படுத்துங்கள். நீண்ட மயிர்களைக் கொண்ட ரிக்கர் தூரிகை கப்பல் கயிறுகளை வரைவதற்கென்றே பெயர் பெற்றது. வண்ணத்தை மை போல ஓடும் அளவுக்கு இளக்கி, கையை ஒரு தாங்குகோலின்மேல் வைத்து, விரலை அசைக்காமல் தோளிலிருந்து இழுங்கள். பிரகாசமான வானத்தின் குறுக்கே போகும் கயிற்றை நடுவில் அறுத்துவிடுங்கள். ஒளி அதைத் தின்றுவிடும், கண் அதைத் தானே சேர்த்துக்கொள்ளும்.

வரிசையும் முக்கியம். அடிப்படலத்தில் டர்பன்டைன் மிகுதி, எண்ணெய் குறைவு. மேலே போகப் போக எண்ணெய் கூடவேண்டும். எண்ணெய் வண்ணம் நீர்போல ஆவியாகி உலர்வதில்லை, காற்றிலுள்ள ஆக்ஸிஜனை உள்வாங்கி இறுகுகிறது. எண்ணெய் மிகுந்த படலத்தின்மேல் விரைந்து இறுகும், எண்ணெய் குறைந்த படலத்தைப் போட்டால், கீழே உள்ளது இன்னும் அசைந்துகொண்டிருக்கும்போதே மேலே உள்ளது விறைத்து வெடிக்கும். அம்பர் விரைவில் உலரும், டைட்டானியம் வெள்ளை மெதுவாகவே உலரும். வானத்தில் வெள்ளை மிகுதி என்பதால் அது தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரும்வரை கயிற்றைத் தொடாதீர்கள். ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் என் வீட்டில் இந்தக் காத்திருப்பு நீண்டுவிடும், கித்தானின் பின்புறம் பூஞ்சையும் ஏறும். அந்த மாதங்களில் சுவரோடு ஒட்டாமல் காற்றோட்டமாகச் சாய்த்து வைப்பேன்.

ஒருமுறை ஒரு கண்காட்சிக்கு அவசரப்பட்டு, தீட்டி மூன்று வாரமே ஆன படத்துக்கு வார்னிஷ் பூசினேன். முன்பாய்மரத்தின் கயிறுகள் தூரிகையோடு கரைந்து, வானத்தில் பழுப்பு மயிரிழைகளாக இழுபட்டுப் போயின. நான்கு நாள் வேலை ஒரே இழுப்பில் போயிற்று. ஆறு மாதமாவது பொறுத்திருங்கள்.

எழும்பூர் மாணவி:

ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். கயிறுகளுக்கு வானம் உலரவேண்டும் என்பது சரி. ஆனால் பாய்களையும் தொலைவிலுள்ள கப்பல்களின் உடலையும் வானம் ஈரமாக இருக்கும்போதே வைத்துவிட வேண்டும் என்பது என் அனுபவம். உலர்ந்த வானத்தின்மேல் வைத்த பாயின் விளிம்பு கத்தி வெட்டியதுபோல் நிற்கிறது. அந்த ஒட்டவைத்த தோற்றத்துக்கு அடிவானப் பிழையோடு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஈரத்தில் வைத்தால் இரண்டு வண்ணங்களும் விளிம்பில் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன, அங்கே காற்று புகுந்ததுபோல் ஆகிறது.

நீலாங்கரைத் தூரிகை:

தொலைவிலுள்ள கப்பல்களுக்கு நீங்கள் சொல்வதே சரி, ஏற்றுக்கொள்கிறேன். அருகிலுள்ள கப்பலுக்கு நான் உலர்ந்த வானத்தையே விரும்புவேன். ஏனென்றால் அதன் பாயை நான் குறைந்தது மூன்று முறை அழித்துத் திரும்ப எழுதுகிறேன், ஈர வானம் அதைத் தாங்காது. விளிம்பை மென்மையாக்க வேண்டிய இடத்தில் மட்டும் வானத்தின் நிறத்தை மீண்டும் கலந்து, பாயோடு சேர்த்து ஈரமாக உரசிக்கொள்ளலாம்.

தோணிக்காரர் மகன்:

பாயைப் பற்றி ஒரு சிறு செய்தி. நின்ற கப்பல்களில் பாயே தெரியாது என்று வருந்தவேண்டாம். இரவு மழையில் நனைந்த பாயை அப்படியே சுருட்டி வைத்தால் மக்கிப் போகும் என்பதால், காலையில் கட்டை அவிழ்த்துத் தொங்கவிட்டு உலர்த்துவார்கள். அப்போது அது புடைக்காது. துணிக்கொடியில் காயும் சேலையைப் போல மடிப்பு மடிப்பாகத் தொங்கும். புறப்படும் கப்பலில் நிறைந்த பாயும் நின்ற கப்பலில் தொங்கும் பாயும் ஒரே படத்தில் இருந்தால் காற்றின் அளவு தானாகத் தெரிந்துவிடும். காற்றை மெல்லியதாக வையுங்கள். பலத்த காற்றில் யாரும் பாய் காயப்போட மாட்டார்கள்.

புதுத்துணியாகவும் தீட்டாதீர்கள். என் தந்தையார் தோணியில் ஒட்டுப்போடாத பாயை நான் பார்த்ததில்லை. ஒட்டு புதிது என்றால் வெளுப்பாகவும் பழையது என்றால் சுற்றியுள்ளதைவிடக் கருத்தும் இருக்கும்.

அடிவானம்:

பாய்க்கப்பலின் ஒளிப்படம் தேடுபவர்கள், வல்வெட்டித்துறையில் 1930இல் கட்டப்பட்டு 1938இல் அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்த அன்னபூரணியின் படங்களைப் பாருங்கள். நம்மவர் கை கட்டிய கப்பல் அது. குறுக்குப்பாய்களின் அமைப்புக்கு நம் கடற்படையின் பயிற்சிக் கப்பலான ஐ.என்.எஸ். தரங்கிணி உதவும். 1997இல் பணியில் சேர்ந்தது, மூன்று பாய்மரங்களும் இருபது பாய்களும் கொண்டது. ஆனால் அதன் கடைசி மரத்தில் நீளவாட்டுப் பாய்கள் மட்டுமே உண்டு. உங்கள் கம்பெனிக் கப்பலுக்கு மூன்று மரங்களிலும் குறுக்குப்பாய்கள் வேண்டும். அப்படியே நகல் எடுத்துவிடாதீர்கள்.

பழவேற்காட்டு வாசகர்:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இராசேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பை இதே முறையில் தீட்ட விரும்புகிறேன். கப்பலின் வடிவத்துக்கு எதைப் பின்பற்றலாம்?

அடிவானம்:

அந்தக் கப்பல்களின் வரைபடம் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. அஜந்தா இரண்டாம் குகையில் மூன்று பாய்மரங்கள் கொண்ட கப்பல் ஓவியம் இருக்கிறது. சாதவாகனர் நாணயங்களில் இரட்டைப் பாய்மரக் கப்பல் பொறிக்கப்பட்டிருக்கிறது. இரண்டும் சோழருக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை. அவற்றோடு கயிற்றால் தைத்த பலகை என்ற நம் கடற்கரையின் கட்டுமுறையைச் சேர்த்து நீங்கள் ஊகிக்கத்தான் வேண்டும். வடிவம் ஊகமாகலாம், காற்று ஊகமாகக் கூடாது. தனி இழையாகத் தொடங்குங்கள், கட்டாயம் வருகிறேன்.

ராயபுரம் கித்தான்:

ஐந்து வாரங்கள் ஆயின. புதிய ஒளிப்படத்தை இணைத்திருக்கிறேன்.

பழைய கப்பலைப் பேலட் கத்தியால் சுரண்டினேன். முழுவதும் போகவில்லை; காலை வானத்தின் கீழே பழைய மாலையின் சிவப்பு ஓரிரு இடங்களில் கசிகிறது, அதை விட்டுவைத்திருக்கிறேன். அடிவானம் முன்னிருந்ததைவிட ஐந்து அங்குலம் இறங்கியிருக்கிறது. மூன்று கப்பல்களிலும் அது உடலின் மூன்றில் ஒரு பங்கில் ஓடுகிறது. இந்த ஒன்றைச் செய்ததுமே, வேறெதையும் தொடாமல், கரிக்கோட்டு நிலையிலேயே அவை நீரில் அமர்ந்துவிட்டன. என் மனைவியை அழைத்துக் காட்டினேன், “இப்போதுதான் தண்ணீர் ஊற்றினீர்களா?” என்று கேட்டார்.

தொலைவிலுள்ள இரண்டையும் ஈர வானத்தில் வைத்தேன், மாணவிக்கு நன்றி. அருகிலுள்ளதன் பெரிய பாய் தொங்கிக் காய்கிறது. கீழ்மூலையில் ஒரு கருத்த ஒட்டு இருக்கிறது. அலையின் உச்சி மெலியும் இடத்தில் சூரிய ஒளி ஊடுருவிப் பச்சையாகத் தெரிவதைக் காசிமேட்டில் மூன்று காலைகள் பார்த்துத்தான் தீட்டினேன். கித்தான் முழுவதிலும் எனக்குப் பிடித்த இடம் இப்போது அந்த விரலகலப் பச்சைதான். முன்னால் போகும் மசூலாவின் பலகைத் தையல்களைத் தூரிகையின் பின்முனையால் ஈர வண்ணத்தில் கீறிவிட்டேன்.

கயிறுகள் இன்னும் போடவில்லை. வானத்தை நேற்று விரலால் தொட்டபோது அல்ட்ராமரின் சிறிது ஒட்டியது. இன்னும் பத்து நாள் விடுகிறேன். அதற்குள் தோணிக்காரர் மகன் ஐயா, புறப்படும் கப்பலின் கொடி சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.

தோணிக்காரர் மகன்:

பார்த்தேன். கொடி சரி. ஆனால் பின்மரத்தின் கொடி மட்டும் அரைவிரல் அதிகமாக நிமிர்ந்திருக்கிறது. பாய் காயும் காற்றில் அவ்வளவு விறைப்பாகப் பறக்காது. நுனியைச் சற்றுத் தொங்கவிடுங்கள்.